கழுதை இல்லாத பெட்டி

எல்வுட் ஹாஸ்கெட் கடையில் சர்க்கரை வாங்கினால் நேராக வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டான். பழக் கொட்டகைக்குக் கொண்டுவந்து, ஆரஞ்சுப் பெட்டி நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்து, கடைக்காரன் ஏமாற்றவில்லை என்று தெரிந்த பிறகுதான் போவான். ஏமாற்றவில்லை என்று தெரிந்துவிட்டால் அவன் முகம் இன்னும் சுருங்கும். தராசிலேயே எவனாவது கை வைத்துவிட்டானோ என்று அதைக் கவிழ்த்துப் பார்ப்பான். ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் ஒரு வசனத்தைச் சொன்னால், மடியிலிருக்கும் பைபிளைப் புரட்டி அது அங்கே இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்வான். கலிபோர்னியாவில் லோமா பிளாங்கா மாதிரிச் சின்ன ஊரில் இப்படி ஒரு ஆள் இருந்தால் மற்றவர்களுக்குப் பொழுது நன்றாகப் போகும். எங்களுக்கும் போயிற்று.

அவன்தான் எங்கள் ஆரஞ்சு சங்கத்துக் கொட்டகையின் மேனேஜர். ஊர்த் தோப்புகளில் பறிக்கிற பழமெல்லாம் அங்கேதான் வந்து சேரும். கழுவி, தரம் பிரித்து, ஒவ்வொரு பழத்தையும் மெல்லிய காகிதத்தில் சுற்றி, பெட்டியில் அடுக்கி, ஐஸ் வைத்த ரயில் பெட்டியில் ஏற்றி நியூயார்க் ஏலத்துக்கு அனுப்புவோம். சந்தேகப் பிராணியைக் கொண்டுபோய் அந்த நாற்காலியில் உட்காரவைத்தது தப்பில்லை என்றுதான் நான் சொல்வேன். ஐஸ் குறைகிறதா, ஆணி அடிக்கிறவன் ஆணியைச் சட்டைப் பையில் போடுகிறானா என்று மனுஷன் எந்நேரமும் மோப்பம் பிடித்துக்கொண்டே திரிவான். அதனால் சங்கத்துக்கு லாபம்தான்.

வெர்னா அவன் மனைவி. கொட்டகையில் தரம் பிரிக்கிற மேஜைக்கு அவள்தான் தலைவி. இயந்திரத்தில் ஓடுகிற பட்டையில் உருண்டு வருகிற பழத்தைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து, ஒரு திருப்பு, அவ்வளவுதான். முதல் தரம் ஒரு பக்கம், இரண்டாம் தரம் இன்னொரு பக்கம். இப்படிப்பட்ட ஆளோடு எப்படிக் குடும்பம் நடத்துகிறாய் என்று அவளைக் கேட்காத பெண் ஊரில் கிடையாது.

"அவன் நாயைப் பார்த்தாக்கூட பூனையா இருக்குமோன்னு யோசிப்பான். யோசிச்சிட்டுப் போகட்டும். என்னைச் சந்தேகப்பட்டதில்ல, அது போதும் எனக்கு" என்பாள்.

அது உண்மைதான். அவள் சுட்ட ரொட்டியை மட்டும் அவன் முகர்ந்து பார்க்காமல் சாப்பிட்டான். சம்பளக் கவரைப் பிரிக்காமல் அவள் கையில் கொடுத்தான். ஹாஸ்கெட் மாதிரி ஆளிடமிருந்து இதற்கு மேல் பிரியத்தை யார் எதிர்பார்க்க முடியும்?

எங்கள் முதல் தரப் பெட்டிக்குப் பெயர் ஜூபிலி. பெட்டியின் முகப்பில் ஒரு லேபிள் ஒட்டுவோம். நீல வானம், அதற்குக் கீழே ஓலைத் தொப்பி போட்ட ஒரு கழுதை, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். ஒரு காது தொப்பியைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஊரில் முதல் ஆரஞ்சுக் கன்றுகளுக்குத் தண்ணீர் சுமந்த கழுதை அது என்று சொல்வார்கள். ஜூபிலிக்கும் கழுதைக்கும் என்ன சம்பந்தம் என்றால் ஒன்றும் இல்லை. யாரோ பெயர் வைத்தார்கள், யாரோ படம் போட்டார்கள். இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு எத்தனையோ வருஷம் ரயிலேறிப் போய்க்கொண்டிருந்தன.

பக்கத்து ஊர்க்காரன் தன் லேபிளில் ஸ்பானிஷ் நடனக்காரியைப் போட்டதும்தான் வினை வந்தது. சங்கத்துக் கமிட்டிக்காரர்களின் மனைவிமார் தேநீர் குடிக்கக் கூடினால் இதே பேச்சு.

"அவங்க பெட்டியில பொம்பளை ஆடுறா. நம்ம பெட்டியில கழுதை தூங்குது. வெளியூர்ல சொல்லிக்கவே கூச்சமா இருக்கு" என்றாள் கமிட்டித் தலைவரின் மனைவி.

இது அன்றைக்கே தலைவரின் காதுக்குப் போயிற்று, தலைவரிடமிருந்து ஹாஸ்கெட்டுக்கு வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் அச்சுக்கூடத்திலிருந்து லெஸ்டர் ப்ரூம் என்று ஒரு விற்பனை ஆள் வந்து இறங்கினான். வழுவழுவென்று வாரிய தலை, தேன் தடவிய பேச்சு. மாதிரிகளைப் பரப்பினான். அதில் ஒன்று: வெற்றுத் தோளோடு ஒரு பெண், கையில் ஆரஞ்சு, மேலே தங்க நிறத்தில் ஜூபிலி என்ற எழுத்து, பழைய எழுத்தைவிட இரண்டு மடங்கு பெரிசு.

ஹாஸ்கெட் விட்டானா? கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தான். எச்சில் தொட்டுத் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்த்தான். ஒரு தாளைக் கொட்டகைக் கூரையில் வெயிலில் காயவைத்தான், இன்னொன்றை ஐஸ் தண்ணீரில் ஊறவைத்தான்.

"இந்தப் பொண்ணை வேற எந்த ஊருக்கும் விக்க மாட்டியே?" என்று கேட்டான்.

"சத்தியமா மாட்டேன் மிஸ்டர் ஹாஸ்கெட்."

"சத்தியம் எல்லாரும்தான் பண்றாங்க. முடி கலரை மாத்தி, பேரை மாத்தி, ஆப்பிள்காரனுக்குக் கொடுத்துடுவீங்க. எனக்குத் தெரியாதா?"

இப்படி எல்லாக் கேள்வியும் கேட்டான். பெயர் அதே பெயர்தானே, எழுத்தும் பெரிசாகிறது, அப்புறம் என்ன என்று கடைசியில் கையெழுத்துப் போட்டான். மிச்சமிருந்த கழுதை லேபிள்களை எவனாவது திருடி அழுகல் பழத்தில் ஒட்டி விற்றுவிடுவான் என்று, கட்டுக்கட்டாகக் கொட்டகைக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தினான். ஒன்று விடாமல் எரிந்துவிட்டதா என்று குச்சியால் சாம்பலைக் கிளறியும் பார்த்தான். அவ்வளவு ஜாக்கிரதை.

அந்த ஜனவரியில் உறைபனி இறங்கியது. பழம் உறையாமலிருக்கத் தோப்பு தோப்பாக எண்ணெய்ச் சட்டி கொளுத்தி, ஊரே கரிப்புகையில் இருமியது. உறைந்த பழத்தில் ஒரு கொடுமை என்னவென்றால், வெளியே பார்த்தால் தெரியாது. தோல் பளபளவென்று இருக்கும். வெட்டினால் உள்ளே சாறு வற்றி, சக்கை மட்டும்தான் மிஞ்சும். மேட்டுத் தோப்புகள் தப்பித்தன. பள்ளத்தில் இருந்த தோப்புகளில் வெர்னாவின் தம்பி ராய்ஸின் தோப்பும் ஒன்று. ராய்ஸ் இரவெல்லாம் சட்டிக்கு எண்ணெய் ஊற்றிப் பாதியைக் காப்பாற்றிவிட்டேன் என்றான். பாதிப் பழத்தை அவனே உதிர்த்துக் குப்பையில் கொட்டினான், மீதியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தான்.

பிப்ரவரியில் புது லேபிளோடு முதல் வண்டி போயிற்று. தந்தி வந்தது. ஜூபிலியை யாரும் சீண்டவில்லை, இரண்டாம் தர விலைக்குத்தான் போனது. அடுத்த வண்டிக்கும் அதே கதை. கமிட்டித் தலைவர் வந்து ஹாஸ்கெட்டின் மேஜைமேல் தொப்பியைப் போட்டார்.

"என்ன எல்வுட், பழத்துல என்ன கோளாறு?"

"பழத்துல கோளாறு இல்ல. எவனோ விளையாடுறான்" என்றான் ஹாஸ்கெட்.

எவன் என்பதுதான் கேள்வி. முதலில் ரயில்காரர்கள்மேல் பாய்ந்தான். ஐஸ் போடாமல் பழத்தை வேகவைத்துவிட்டார்கள் என்று ஸ்டேஷன் மாஸ்டரோடு மல்லுக்கு நின்றான். பிறகு நியூயார்க்கில் எங்களுக்காக விற்கிற ஏஜென்ட். அவன் ஏலக்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து விலையை அமுக்குகிறான் என்றான். பிறகு பக்கத்து ஊர்க்காரன் காசு கொடுத்து வதந்தி கிளப்புகிறான் என்றான். ஒன்றும் நிலைக்கவில்லை. ஒரு சந்தேகம் செத்தால் அடுத்த சந்தேகத்துக்கு அவன் மண்டையில் இடம் காலியாகும், அவ்வளவுதான்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனவன், வாசலில் ராய்ஸின் வண்டி நிற்பதைப் பார்த்தான். உள்ளே அக்காவும் தம்பியும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். இவன் நுழைந்ததும் பேச்சு நின்றது. தோட்டத்துக் கடனைப் பற்றி ராய்ஸ் அக்காவிடம் அழுதுகொண்டிருந்தான், மச்சான் முன்னால் அழ வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டான். விஷயம் அவ்வளவுதான். ஆனால் ஹாஸ்கெட் சூப் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். பள்ளத்துத் தோப்பு, உறைபனி, தம்பி பழம், அக்கா கையில் முதல் தர மேஜை. கணக்குப் போட்டது போல எல்லாம் பொருந்தி வந்தது. பொருந்தி வந்ததே என்று அவனுக்கு ஒரு அற்பச் சந்தோஷம்கூட. அட பாவி, உன் பெண்டாட்டியப்பா அவள்.

ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி என்று சொல்லி அவன் சர்ச்சுக்குப் போகவில்லை. எல்லோரும் அங்கே பாடிக்கொண்டிருக்கும்போது கொட்டகையைத் திறந்து உள்ளே போனான். ராய்ஸ் தோப்பிலிருந்து வந்து, வெர்னா முதல் தரம் என்று ஒதுக்கிய பெட்டிகளை இழுத்துப்போட்டுக்கொண்டு, பேனாக்கத்தியை எடுத்து ஒவ்வொரு பழமாக வெட்டினான். சாறு முழங்கைவரை வழிந்தது. ஒன்றுகூட வற்றலாக இல்லை. இன்னொரு பெட்டியைப் பிரித்தான், அதிலும் இல்லை. நல்ல மனுஷனாக இருந்தால் கத்தியை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்திருப்பான். இவன் தரையில் குவிந்த பழத்தைப் பார்த்துக்கொண்டே நின்று, 'நான் பார்ப்பேன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு, மாத்தி வச்சிட்டா' என்று முடிவுக்கு வந்தான்.

திங்கட்கிழமை காலை, பட்டை ஓட ஆரம்பித்து, பெண்களெல்லாம் வரிசையில் நின்றிருந்தபோது அவன் மேஜைப் பக்கம் வந்தான்.

"வெர்னா, நீ காகிதம் சுத்துற பக்கம் போ. இந்த மேஜைய இடா பாத்துப்பா."

வெர்னா பழத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "எதுக்கு? இடாவுக்குக் கண்ணு சரியில்லன்னு நீதானே போன வாரம் சொன்ன" என்றாள்.

"ராய்ஸோட பழம் வர்ற மேஜையில ராய்ஸோட அக்கா நிக்க வேணாம்னு பாக்குறேன்."

பட்டை ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் பழத்தைத் தொடவில்லை. அது பாட்டுக்கு உருண்டுபோய்க் கடைசியில் தரையில் கொட்டியது. இடா பயந்துபோய் விசையை அமுக்கிப் பட்டையை நிறுத்தினாள்.

"என்ன சொன்ன?" என்றாள் வெர்னா.

"காதுல விழுந்திருக்கும்."

"நான் வற்றல் பழத்தை முதல் தரத்துல தள்ளுறேன்னு சொல்ற."

"நான் அப்படிச் சொல்லல. நியூயார்க்குல சொல்றாங்க."

"நேத்து உனக்கு வயித்துவலி" என்றாள் அவள். "வந்து பாத்தா படுக்கையில நீ இல்ல. சட்டையில ஆரஞ்சு வாசனை. வெட்டிப் பாத்திருக்க. பாத்தியா இல்லியா?"

"பாத்தேன்."

"எத்தனை வற்றல் இருந்துச்சு?"

பெண்கள் முன்னால் அவனுக்குப் பொய் சொல்லவும் வாய் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் வரவில்லை. கூரையைப் பார்த்தான். அவள் கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள், ஏப்ரனை அவிழ்த்து மடித்தாள். காகிதம் சுற்றுகிற பக்கம் போகவில்லை. நேராக வெளியே நடந்து ராய்ஸின் வீட்டுக்குப் போனாள். சாயங்காலம் ராய்ஸ் வந்து அவளுடைய துணிமணிகளை ஒரு பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டான்.

"உன்னை அடிக்கணும்னுதான் வந்தேன் மச்சான்" என்றான் ராய்ஸ். "அக்கா கூடாதுன்னு சொல்லிட்டா. அடிச்சா, ஏதோ இருக்கப்போய்த்தான் அடிக்கிறான்னு அதையும் நீ சந்தேகப்படுவியாம்."

ஹாஸ்கெட் கதவைப் பூட்டிக்கொண்டான். ஊர் அவனிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டது. அப்போதும் அவன் மனதில், கையும் களவுமாகப் பிடித்துக் காட்டிவிட்டால் எல்லார் வாயையும் அடைத்துவிடலாம் என்ற நினைப்புதான். யாரைப் பிடிப்பது? நியூயார்க் போனால் தெரியும். ஏஜென்டுக்குக்கூடச் சொல்லாமல் ரயிலேறிவிட்டான்.

நியூயார்க்கில் ஆற்றங்கரைத் துறையில் ஏலம். விடியும் முன்பே பெட்டிகளை லேபிள் தெரிகிற மாதிரி வரிசையாக அடுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு பெட்டி திறந்திருக்கும். வாங்குகிறவர்கள் நடந்து நடந்து பார்ப்பார்கள், மணி அடித்ததும் ஏல அறைக்குள் போய்க் கத்துவார்கள். ஹாஸ்கெட் தொப்பியை முகத்தில் இறக்கிவிட்டுக்கொண்டு, யாரிடமோ இரவல் வாங்கின அழுக்கு ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, வாங்க வந்தவன் மாதிரி ஜூபிலிப் பக்கம் போய் நின்றான்.

புது லேபிள்கள் வரிசையாக ஜொலித்தன. ஒருத்தரும் அங்கே நிற்கவில்லை. ஒரே ஒரு ஆள், சிசிலிக்காரன், குட்டையாக, பெரிய மீசையோடு, ஒரு பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான். அவன் பெயர் கலோஜெரோ, மல்பெரி தெருப் பக்கம் பழக்கடை வைத்திருந்தான்.

"பழம் நல்லாத்தானே இருக்கு. ஏன் வாங்கல?" என்று ஹாஸ்கெட் கேட்டான்.

"திறந்து வச்ச பெட்டியில எப்பவும் நல்லாத்தான் இருக்கும். நீ இந்தத் தொழிலுக்குப் புதுசா?" என்றான் கலோஜெரோ.

"ஜூபிலி நல்ல பேராச்சே."

"ஜூபிலியா? அது யாரு? எனக்கு எழுத்து தெரியாது. எங்க தெருவுல பாதிப் பேருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிஞ்சது கழுதை. இங்க கழுதை இருந்துச்சு, தொப்பி போட்டுக்கிட்டு, காது ஒண்ணு வெளிய. என் கடைக்கு வர்ற பொம்பளைங்க, கழுதைப் பழம் குடுன்னுதான் கேப்பாங்க. கண்ணை மூடிக்கிட்டு வாங்குவேன். இப்ப கழுதை எங்க?"

"படத்தை மாத்திட்டாங்க. பேரு அதேதான்."

"எழுத்தை எவன் வேணும்னாலும் அச்சடிப்பான்" என்றான் அவன். "உறைபனின்னு பேப்பர்ல வந்துச்சாம், எம் மகன் படிச்சுச் சொன்னான். அடுத்த மாசமே மூஞ்சிய மாத்திக்கிட்டு வர்றாங்க. மூஞ்சிய மாத்துறவன் யாரு? ஓடிப்போன கடன்காரன், இல்லேன்னா திருடன். எழுத்து படிக்கிறவங்களும் இதைத்தான் சொல்றாங்க, கேட்டுப் பாரு. எவனோ கழுதைக்காரன் பேரைத் திருடி வற்றலை அனுப்புறான்."

எச்சில் தொட்டுத் தேய்த்ததும், வெயிலில் காயவைத்ததும், குச்சியால் சாம்பலைக் கிளறியதும் ஒவ்வொன்றாக ஹாஸ்கெட்டுக்கு ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் சோதித்தவன், அந்தப் பெட்டியை வாங்குகிற மனுஷன் அதில் எதைப் பார்க்கிறான் என்று ஒருத்தரிடமும் கேட்கவில்லையே. இடுப்பிலிருந்த ஏப்ரனை அவிழ்த்தான்.

"யோவ், நான்தான் அந்த ஜூபிலி மேனேஜர். கலிபோர்னியாவுலேருந்து வர்றேன்."

"அப்படியா? நான் ரோமாபுரிப் போப்பாண்டவர்" என்றான் கலோஜெரோ. "மேனேஜர் எதுக்குய்யா அழுக்கு ஏப்ரன் கட்டிக்கிட்டு வரணும்?"

"நான் சொல்றதை நம்பு. உங்கிட்ட பழைய பெட்டி ஏதாவது இருக்கா? கழுதை ஒட்டின பெட்டி? அச்சுக்கூடத்துல திரும்பப் போடணும்னா பாத்து வரைய ஒண்ணாவது வேணும். எங்க ஊர்ல ஒண்ணுகூட இல்ல."

கலோஜெரோவின் மீசை துடித்தது. "ஓஹோ. இதுக்குத்தான் சுத்திச் சுத்தி வந்தியா? எங்கிட்டேருந்து கழுதைய வாங்கிட்டுப் போயி, அதையும் கள்ளத்தனமா அச்சடிச்சு, உன் வற்றல்ல ஒட்டி எனக்கே விப்ப. போய்யா, போலீஸைக் கூப்பிடுறதுக்குள்ள போயிடு."

அன்றைக்கெல்லாம் ஹாஸ்கெட் அவன் கடை வாசலில் நின்றான். தன்னை நம்ப வைக்க என்னென்னவோ சொன்னான். ரயில் டிக்கெட்டைக் காட்டினான், அது எங்கேயாவது பொறுக்கினதாக இருக்கும் என்றான் அவன். ஏஜென்டைக் கூட்டி வருகிறேன் என்றான், அவனும் உன் கூட்டாளியாக இருப்பான் என்றான் கலோஜெரோ. ஊரில் ஹாஸ்கெட் மற்றவர்களுக்குச் சொன்ன பதிலெல்லாம் இங்கே இத்தாலிய மீசைக்குப் பின்னாலிருந்து அவனுக்கே வந்துகொண்டிருந்தது. பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று, பின்னால் இதைக் கேட்டபோது நான்கூடச் சந்தோஷப்பட்டேன், சொல்ல வெட்கமில்லை.

கடைசியில் கலோஜெரோ கேட்டான், "சரி, நீதான் அந்த ஆளுன்னு வச்சுக்குவோம். நல்லா வித்துக்கிட்டிருந்த கழுதைய எதுக்கு எடுத்த?"

ஹாஸ்கெட் தலையைக் குனிந்துகொண்டான். "கமிட்டிக்காரங்க பொண்டாட்டிங்க, பாக்க அசிங்கமா இருக்குன்னு சொன்னாங்க."

கலோஜெரோ வயிறு குலுங்கச் சிரித்தான். "இதை நம்புறேன். பொய் சொல்ல வந்தவன் தன்னை இவ்வளவு முட்டாளாக் காட்டிக்க மாட்டான்" என்று உள்ளே போய், வெங்காயம் கொட்டி வைத்திருந்த ஒரு பழைய பெட்டியைக் காலிபண்ணிக் கொண்டுவந்தான். முகப்பில் கழுதை, தொப்பியோடு. ஓரம் கிழிந்திருந்தது. ஹாஸ்கெட் காசு நீட்டினான். அவன் வாங்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சேன்" என்றான் கலோஜெரோ. "அங்க பழம் பொறுக்குறது யாரு?"

"எம் பொண்டாட்டி."

"அவளுக்கு எங்க தெரு சார்புல வணக்கம் சொல்லு. இத்தனை வருஷத்துல கழுதைப் பெட்டியில ஒரு வற்றல் நான் பாத்ததில்ல. நான் எங்கம்மா கையையே ரெண்டு தடவை பாக்குறவன். அந்தப் பொம்பளை கையை நம்பித்தான் திறக்காமலே வாங்குவேன்."

ஹாஸ்கெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தான். ரயிலில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தானாம். பக்கத்து சீட்டுக்காரி குழந்தை கழுதையைத் தொட வந்தபோது அவன் தடுக்கவில்லை. அழுதான் என்று அவனே பின்னால் ஒருதரம் சொன்னான். நான் நம்பினேன்.

ஊருக்கு வந்ததும் அந்தப் பெட்டியோடு அச்சுக்கூடத்துக்கு ஆள் அனுப்பினான். பிறகு நேராக ராய்ஸ் வீட்டுக்குப் போனான். வெர்னா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னான். கலோஜெரோ சொன்ன வணக்கத்தையும் சொன்னான்.

"அவ்வளவு தூரம் ரயில்ல போயி, முன்பின் தெரியாத ஒருத்தன் சொன்னதும் நம்புன" என்றாள் வெர்னா. "எதிர்ல உக்காந்து சாப்பிட்டவ நான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

"தப்பு."

"எல்லாரும் இருக்கும்போதுதானே அதைச் சொன்ன? இதையும் எல்லாரும் இருக்கும்போது சொல்லு."

மறுநாள் அவன் பட்டையை நிறுத்தச் சொன்னான். பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ராய்ஸின் பழத்தை வெட்டிப் பார்த்ததையும், ஒரு வற்றலும் இல்லாததையும், அது தெரிந்த பிறகும் அவளை மேஜையிலிருந்து அனுப்பியதையும் சொன்னான். லேபிளை மாற்றியது தன் புத்தி கெட்டதனம் என்றான். அவன் சொல்லி முடித்ததும் இடா விசையை அமுக்கினாள், பட்டை ஓடியது.

இடா போய் வெர்னாவிடம் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாள். சாயங்காலம் ஹாஸ்கெட் நம்பிக்கையோடு போய் ராய்ஸ் வீட்டுக் கதவைத் தட்டினான். வெர்னா வாசலுக்கு வந்தாள், கதவை முழுசாகத் திறக்கவில்லை.

"சொல்லிட்டேன்" என்றான்.

"கேள்விப்பட்டேன்." "கமிட்டி சொல்லச் சொல்லுச்சா?"

"இல்ல. நானாத்தான்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

என்ன காட்டுவது? ரயில் டிக்கெட்டா? தலைவரைக் கூட்டிவரவா? கூட்டிவந்தால் அவரும் கூட்டாளியாக இருக்கலாமே. நம்பாத ஒருத்தர் முன்னால் உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவனைப் போல அநாதை உலகத்தில் கிடையாது. அது அவனுக்குப் புரிந்தது. இவள் இதற்கு முன் யாரையும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை என்பதும் கூடவே புரிந்தது.

"தெரிய வழியில்ல" என்றான்.

அவள் கதவைச் சாத்தினாள்.

கழுதை திரும்பி வந்தது. ஏலத்தில் விலையும் திரும்பி வந்தது. கமிட்டிக்காரர்களின் மனைவிமார் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். ஆரஞ்சு பூக்கிற காலத்தில் வெர்னாவும் வீட்டுக்கு வந்தாள். மேஜைக்கும் வந்தாள், பழத்தோடு அவளுக்கு என்ன சண்டை? சமைத்தாள், பேசினாள், சில நாள் சிரிக்கவும் செய்தாள். ஹாஸ்கெட் சர்க்கரையை நிறுப்பதை விட்டான். பைபிளை மூடியபடியே மடியில் வைத்துக்கொண்டான். மாறிவிட்டான் என்று ஊர் சொன்னது, மாறித்தான் இருந்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கொட்டகையில் நடக்கிற கமிட்டிக் கூட்டத்துக்குக் கிளம்பினான். "வர ஏழு மணி ஆகும்" என்றான். வெர்னா துணி தேய்த்துக்கொண்டே சரி என்றாள். வெளியே வந்து வண்டியை எடுத்தான். முனையில் கொட்டகைப் பக்கம் திரும்பும்போது பின்பக்கம் பார்க்கிற சின்னக் கண்ணாடியில் வீடு தெரிந்தது. அவள் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்திருந்தாள். திரைச்சீலையை ஒரு விரலால் ஒதுக்கிக்கொண்டு, வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் வேகத்தைக் குறைத்தான். அவள் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று மெதுவாக, ரொம்ப மெதுவாகத் திருப்பினான்.